நல்லதங்காள் கதையில் கொலையும் தற்கொலையும்

எழுத்தறிந்தாரும் அறியாதாரும் ஒருங்கே கேட்டுக் கண்ணீர் உகுத்த தமிழ்க் கதைகளுள் நல்லதங்காள் கதை தலையாய ஒன்று. பெரிய எழுத்துப் பதிப்பாகச் சந்தைகளில் விற்கப்பெற்றும், வில்லுப்பாட்டாகப் பாடப்பெற்றும், கூத்தாகவும் நாடகமாகவும் நடிக்கப்பெற்றும், பின்னர்த் திரைப்படமாக்கப்பெற்றும் அது நாடெங்கும் பரவியது. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலும் உண்டு. இத்துணைச் செல்வாக்குடைய கதையைக் கற்போர் அதன் நடுவண் நிற்கும் நிகழ்ச்சியை நேர்நின்று நோக்கினரா என்பது யாம் ஈண்டு எழுப்பும் வினா.

அந்நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. ஒரு தாய் தன் மக்கள் எழுவரையும் பாழுங்கிணற்றில் எறிந்து, பின் தானும் அதில் வீழ்ந்து உயிர் துறந்தாள். இதனைக் கூறுங்கால் மக்கள், 'நல்லதங்காள் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தாள்' என்பர். இத்தொடரின் இலக்கணத்தைச் சிறிது நோக்குதல் தகும். மூன்றாம் வேற்றுமை ஓடு உருபு ஈண்டு உடனிகழ்ச்சிப் பொருளில் வந்தது. தந்தையோடு மகன் வந்தான் என்றால், வருதல் என்னும் வினை இருவர்க்கும் உரியது. இருவரும் தம் காலால் நடந்து வந்தனர். அவ்வாறே பிள்ளைகளோடு தாய் விழுந்தாள் என்றால், விழுதல் பிள்ளைகட்கும் உரிய வினையாகிறது. கதையோ அவ்வாறு கூறவில்லை. பிள்ளைகள் விழுந்திலர், வீழ்த்தப்பட்டனர். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள இவ்வேறுபாடு ஏழு உயிர்களின் வேறுபாடாகும். வழக்குத் தொடர் மறைக்கும் இவ்வேறுபாட்டைக் கதைப்பாடல் மறைக்கவில்லை என்பதும், அதனை மறவாது கற்பதே இக்கதையை முறையாகக் கற்பதாகும் என்பதும் இக்கட்டுரையால் யாம் நிறுவ முற்படும் கருத்துகளாம்.

கதைப்போக்கு

வாய்மொழியாய் வழங்கிய கதையாதலின் வடிவந்தோறும் வேறுபாடு உண்டு. எனினும் கதையின் என்புக்கூடு பெரும்பாலும் ஒன்றே. நல்லதங்காள் மதுரையில் நல்லதம்பி என்னும் தமையனோடு வளர்ந்தவள். மானாமதுரைக் காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டு மக்கள் எழுவரைப் பெற்றாள். பன்னீராண்டுப் பஞ்சம் நாட்டைப் பற்றியது. நகையும் பண்டமும் விற்றுத் தீர்ந்தன. பிள்ளைகளின் பசி பொறாதவளாய்த் தமையன் மனைக்குச் செல்லத் துணிந்தாள். கெட்டார் உறவினரை அடைதல் இழிவு என்று கணவன் தடுத்தும் கேளாது புறப்பட்டாள். தமையன் வேட்டைக்குச் சென்றிருந்தான். அவன் மனைவி மூளி அலங்காரி கதவை அடைத்தாள். கற்பின் ஆற்றலால் கதவு திறந்தது. அலங்காரி உளுத்த கேழ்வரகும், உடைந்த கலமும், எரியாத பச்சை மட்டையும் கொடுத்து அவமதித்தாள். பச்சை மட்டையும் கற்பின் ஆற்றலால் எரிந்தது. ஆயினும் அவமதிப்பைப் பொறாத நல்லதங்காள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காட்டுவழி சென்றாள். பாழுங்கிணறு ஒன்றைக் கண்டாள். பின்னர் நிகழ்ந்தது மேலே கூறப்பட்டது. தமையன் மீண்டு வந்து செய்தி அறிந்து, அலங்காரியையும் அவள் கிளையினரையும் கொன்று, தானும் மாய்ந்தான். காசிராசனும் வந்து கண்டு உயிர் துறந்தான். இறுதியில் சிவபெருமானும் உமையும் தோன்றி அருள் செய்தனர். மாண்டோர் மீண்டும் உயிர் பெற்றனர் எனச் சில வடிவங்களும், தெய்வமாயினர் எனச் சில வடிவங்களும் கூறும்.

இக்கதையை நோக்குவார் பொதுவாக மூன்று வழிகளுள் ஒன்றைப் பற்றுவர். கற்பின் பெருமையை விளக்க எழுந்தது என்பர் சிலர். கொடிய அண்ணியின் இயல்பைக் காட்டி இல்லறத்தாரை எச்சரிப்பது என்பர் சிலர். ஊழின் வலியையும் பஞ்சத்தின் கொடுமையையும் பாடுவது என்பர் பிறர். இம்மூன்றும் பொய்யல்ல. ஆனால், இம்மூன்றனுள் எதனைக் கொண்டாலும் பிள்ளைகள் எழுவர் இறந்தமைக்கு விடை கிடைப்பதில்லை. கற்புடையாள் ஏன் மக்களைக் கொன்றாள்? அண்ணி அவமதித்தாள் எனின் அவமதிப்புற்றவள் தான் மட்டும் மாயாது மக்களையும் ஏன் உடன்கொண்டாள்? பஞ்சம் காரணம் எனின், பஞ்சத்தில் வருந்திய தாயர் பல்லாயிரவருள் அனைவரும் இது செய்திலரே? இவ்வினாக்கட்கு விடை காண, இவ்வகைச் சாவுகளை நேரில் ஆராய்ந்தோர் கண்ட முடிவுகளை அறிதல் பயன்தரும்.

ஆய்வாளர் கண்டவை

பிறரைக் கொன்று, உடனேயோ சின்னாட்களுள்ளோ தன்னையும் மாய்த்துக் கொள்ளுதலைக் குற்றவியலாரும் உளநூலாரும் தனியொரு வகையாகக் கொள்வர். இதனை யாம் 'கொன்றுமாய்தல்' எனக் குறிப்போம். அமெரிக்க நாட்டு அறிஞர் மார்வின் உல்ப்காங் 1948 முதல் 1952 வரை பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த 588 கொலைகளை ஆராய்ந்தார். அவற்றில் தொடர்புடையோருள் 24 பேரே கொலைக்குப் பின் தம்மை மாய்த்துக் கொண்டனர். இங்கிலாந்தில் டி. ஜே. வெஸ்ட் 1965 இல் வெளியிட்ட நூலில் இத்தகைய 78 நேர்வுகளை, தற்கொலை தொடராத கொலைகளோடு ஒப்பிட்டார். அந்நாட்டில் அக்காலத்தே கொலைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்றைத் தற்கொலை தொடர்ந்தது. கொன்றுமாய்ந்தோருள் முன்பு குற்றம் புரிந்தோர் குறைவு என்பதும், மனச்சோர்வு நோயுற்றோர் மிகுதி என்பதும் அவர் கண்டவற்றுள் சிறந்தவை. எனவே கொன்றுமாய்வோர் பலர் கொலைஞர் கூட்டத்தினும் தற்கொலையாளர் கூட்டத்திற்கே நெருங்கியவர் என்னும் கருத்து உருவாயிற்று.

இவ்வகையின் உட்பிரிவுகளை மார்சுக், டார்டிப், ஹிர்ஷ் என்னும் மூவர் 1992 இல் கொல்வோனுக்கும் கொல்லப்படுவோனுக்கும் உள்ள உறவைக் கொண்டு வகுத்தனர். மனைவியையோ காதலியையோ கொன்று மாய்தல், மக்களைக் கொன்று மாய்தல், குடும்பம் முழுவதையும் கொன்று மாய்தல், குடும்பத்திற்கு அயலாரைக் கொன்று மாய்தல் என அவை அமையும். இவற்றுள் மிகுதியாய் நிகழ்வது முதல்வகை. அதனைச் செய்வோர் பெரும்பாலும் ஆடவர். பொறாமை, பிரிவு, உடைமை உணர்வு ஆகியவை அதன் தூண்டுதல்கள்.

மக்களைக் கொல்லும் பெற்றோரைப் பற்றிய ஆராய்ச்சியில் பிலிப் ரெஸ்னிக் 1969 இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்துக் காட்டப்பெறுகிறது. அவர் உலக மருத்துவ நூல்களில் பதிவான 131 நேர்வுகளைத் தொகுத்தார். அவருள் தாயர் 88 பேர். தந்தையர் 43 பேர். நோக்கத்தை ஐந்தாக வகுத்தார்: பிள்ளையின் நலங்கருதியதாகக் கொல்வோன் எண்ணுவது, கடும் பித்தால் நிகழ்வது, வேண்டாப் பிள்ளையை ஒழிப்பது, அடித்துத் துன்புறுத்துங்கால் எதிர்பாராது நேர்வது, துணைவரைப் பழிவாங்குவது என்பன. முதலாவதே ஏறத்தாழப் பாதியாக இருந்தது. தான் சாகத் துணிந்த தாய், தானில்லா உலகில் தன் பிள்ளை துன்புறும் என எண்ணி அதனையும் உடன்கொள்ளல் இம்முதல்வகையைச் சாரும். 'பிறர்நலம்' என இதற்குப் பெயரிட்டது கொல்வோன் எண்ணத்தை நோக்கியே அன்றிச் செயலைப் போற்றுதற்கன்று. 1897 இல் தற்கொலையைப் பற்றி நூல் எழுதிய துர்க்கைம் 'பிறர்நலத் தற்கொலை' என்றது வேறு. அது தனி உயிர் குழுவினுள் கரைந்து போதலால் நேர்வது. இரண்டனையும் மயக்குதல் கூடாது.

இவ்விடத்து ஒரு தடை எழும். நாட்டுப்பாடலின் தலைவிக்கு மருத்துவர் போல் நோய்ப்பெயர் சூட்டுதல் திறனாய்வாமோ எனின், ஆகாது என்க. நல்லதங்காள் நோயாளியும் அல்லள், வழக்கில் நிற்கும் குற்றவாளியும் அல்லள், பாடலின் படைப்பு. யாம் வினவுவது இதுவே: பாடியோர் அடுக்கிய காரணங்கள் மக்கள் வாழ்வில் காணப்படும் காரணங்களோடு ஒத்தியல்கின்றனவா? ஒத்தியலின், அவ்வடுக்கு வெறுங்கற்பனையன்று. கண்டறிந்த அறிவு என்பது பெறப்படும்.

ஏதுக்களின் அடுக்கு

பாடலில் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. முதற்கண் வறுமை. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது ஆண்டுப் பெரும்பஞ்சத்தைக் கண்ட தலைமுறையினர்க்குப் பன்னீராண்டுப் பஞ்சம் என்பது வெறும் மிகைக்கூற்றாக ஒலித்திராது. ஆனால், நல்லதங்காள் பஞ்சத்தால் மட்டும் சாகத் துணிந்தாளல்லள். பஞ்சம் முற்றிய பின்னும் அவள் நாடியது தமையன் மனை. அது வாழ்வை நாடிய செலவு. இரண்டாவது, பீடிழத்தல். அரசியாய் இருந்தவள் இரவலளாய்ச் செல்கிறாள். கெட்டபின் உறவினரை அண்டலாகாது என்று கணவன் கூறிய சொல், அவள் நெஞ்சில் முன்னரே ஊன்றப்பட்ட நாணம். அலங்காரி அடைத்த கதவு அந்நாணத்தை மெய்யாக்கிற்று. மூன்றாவது, தனிமை. கணவன் மொழி மீறி வந்தாளாதலின் மீண்டு செல்லவும் வழியில்லை, தமையனோ காட்டில். இருபுறமும் அடைபட்ட நிலை இது. நான்காவது, பிள்ளைகளைத் தன்னிலிருந்து வேறாக எண்ணாமை. அவர்தம் பசி அவள் பசி. அவர்தம் இழிவு அவள் இழிவு. ஆதலின் அவர்தம் சாவும் அவள் சாவே என அவள் நெஞ்சம் கொண்டது.

இந்நான்காவதே தற்கொலையைக் கொலையாக்கியது. வறுமையும் நாணமும் தனிமையும் ஒருத்தியைத் தன்சாவுக்குச் செலுத்தலாம். பிறர் சாவுக்குச் செலுத்த அவை மட்டும் போதா. பிறர் உயிரைத் தன் உயிரின் ஒரு கூறாகக் கொள்ளும் மயக்கமும் வேண்டும். அம்மயக்கம் அன்பின் தோற்றத்தோடு வருதலின் அதனை அடையாளம் காணல் அரிது. மனச்சோர்வு நோயுற்ற தாயருள் மிகப் பெரும்பாலோர் தம் மக்கட்கு ஒரு தீங்கும் செய்வதில்லை என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். நோய் ஒன்றே காரணமாயின் இச்சாவுகள் எண்ணிறந்தன ஆகியிருக்கும். பல ஏதுக்கள் ஒருங்கு கூடும் இடத்தே தான் இது நிகழ்கிறது. பாடலின் அடுக்கு இவ்வுண்மைக்கு ஒத்து நிற்கிறது.

இன்னும் ஒரு நுண்மை உண்டு. காட்டுவழி செல்லுங்கால் நல்லதங்காள் ஆவாரஞ்செடியை ஒடித்து வழிநெடுக இட்டுச் சென்றாள் என்று ஒரு வடிவம் கூறும். தமையன் தேடிவரின் வழி அறிதற்கு அடையாளம் என்பது அதன் பொருள். பிணத்தைக் காண்டற்கு இட்ட அடையாளம் என்று இதனை எளிதில் கூறி விடலாம். ஆயினும் அவ்வடையாளத்தைப் பின்பற்றித் தமையன் சற்று முன்னர் வந்திருப்பின்? சாகத் துணிந்தோர் நெஞ்சில் சாவும் வாழ்வும் ஒருங்கே போராடும் என்பது உளநூலார் பலகாலும் வற்புறுத்தும் கருத்து. அப்போராட்டத்தைப் பாடல் ஓர் ஆவாரங்கொம்பில் வைத்துக் காட்டிற்று. தேடப்பட வேண்டும் என்னும் ஆசை முற்றும் அவியாதவள் இட்ட வழி அது என்பது எம் துணிபு.

அற்புதங்களின் எல்லை

கற்பின் பெருமையைக் கூற எழுந்த கதை என்பார் காட்டும் சான்றுகள் இரண்டு: அடைத்த கதவு திறந்தமையும் பச்சை மட்டை எரிந்தமையும். இவை பாடலில் உள்ளன. ஆனால், இவற்றின் பயன் யாது? கதவு திறந்தது, உள்ளே அன்பு இல்லை. மட்டை எரிந்தது, அவமதிப்பு ஒழியவில்லை. பொருளை இயக்க வல்ல கற்பு மனத்தை இயக்க வல்லதாயில்லை. பெண் ஒருத்திக்குத் தெய்வ ஆற்றல் அனைத்தும் கொடுத்த பாடல், அவள் மக்கட்கு வேண்டிய ஒருவேளை உணவை அவ்வாற்றலால் தரவில்லை. இது பாடியோர் மறதி அன்று. அற்புதத்தால் தீராத துன்பம் ஒன்று உண்டு. அதனைத் தீர்க்க வேண்டியவர் மனிதரே என்பதே இதன்வழிப் பெறப்படும் பொருள். ஆதலின் இக்கதை கற்பின் வெற்றியைப் பாடுவது என்பதினும், கற்பு போதாமையைப் பாடுவது என்பதே பொருத்தமாகும்.

மூளி அலங்காரி என்னும் பெயரும் ஆராயத்தக்கது. ஒருத்தியின் மேல் பழியனைத்தையும் ஏற்றிவிட்டால் பிறர் எல்லோரும் தப்பிவிடுவர். காசிராசன் அரசன், அவன் நாட்டில் பஞ்சம், அவன் களஞ்சியம் என்னாயிற்று என்று பாடலும் கேட்கவில்லை, கேட்போரும் கேட்கவில்லை. கெட்டார்க்கு உறவு இல்லை என்னும் ஊர்வழக்கை ஒருவரும் பழித்திலர். அலங்காரியின் கொடுமை மெய்யே. ஆனால், அது கடைசித் துரும்பு, முழுச்சுமை அன்று.

தலைமகன் மறுப்பு

இனி இக்கதையின் உச்சநிலையைக் காண்போம். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கிணற்றில் இட்டு வருங்கால் மூத்தமகன் இசையவில்லை. தன்னைக் கொல்ல வேண்டா என்று தாயை இரக்கின்றான், ஓடுகின்றான். ஒரு வடிவத்தில், அருகில் மாடு மேய்த்து நின்ற சிறுவர், தாய்க்கு அடங்காத பிள்ளை எனக் கருதி, அவனைப் பிடித்துக் கட்டிவைத்துத் தாயிடம் ஒப்படைக்கின்றனர். தாய் அவனையும் எறிகின்றாள்.

பாடியோர் விரும்பியிருப்பின் எழுவரையும் வாய்பேசாக் குழவிகளாக்கி இருக்கலாம். அல்லது எழுவரும் தாயின் சொற்கு உவந்து இணங்கினர் எனப் பாடியிருக்கலாம். அவ்வாறு செய்யின் இரக்கம் ஒருமுகமாகப் பெருகும். தலைவியின் மேல் ஒரு மாசும் படாது. பாடியோர் அவ்வெளிய வழியைப் பற்றவில்லை. வாழ விரும்பிய ஒருவனை நடுவே நிறுத்தினர். அவன் வாய் திறந்த அந்நொடியில், தாயும் மக்களும் ஓருயிர் என்னும் மயக்கம் உடைந்து போகிறது. அவன் வேறு உயிர். அவன் விருப்பம் வேறு. அவனை எறிதல் தற்கொலையின் ஒரு பகுதியன்று, கொலை. பாடலைக் கேட்போர் இவ்விடத்தே தாய்க்காக மட்டும் அழுவாரல்லர். தாயிடமிருந்து அவன் தப்பவேண்டுமே என்றும் தவிப்பர். ஒரே நேரத்தில் இருவர்பாலும் செல்லும் இவ்விரக்கமே இக்கதையை உயர்ந்த அவலமாக்குகிறது.

மேய்ப்புச் சிறுவர் செயல் இன்னும் கொடியது. கொடியது என அவர் அறியாமையால் மேலும் கொடியது. அவர் கண்டது தாய்க்குப் பணியாத மகன். பிள்ளை தாயின் உடைமை என்பதும், ஓடும் பிள்ளை அடங்காப்பிள்ளை என்பதும் அவர் கற்ற ஒழுக்கம். அந்நல்லொழுக்கமே அவனைக் கொன்றது. அலங்காரி அடைத்த கதவைக் கண்டு பழித்த நாம் இச்சிறுவர் கட்டிய கயிற்றைக் கண்டு பழிப்பதில்லை. ஏனெனில், அக்கயிற்றின் ஒரு முனை நம் கையிலும் உள்ளது.

இரு கொலைகள், மூன்று சாவுகள்

நல்லதங்காளை மட்டும் நோக்கி நிற்பார் கதையில் மற்றொரு கொன்றுமாய்தல் உண்மையைக் காண்பதில்லை. நல்லதம்பி மனைவியைக் கொன்று தானும் மாய்கின்றான். மேலே கூறிய வகுப்பின்படி இது மனைவியைக் கொன்று மாயும் வகை. உலகெங்கும் மிகுதியாய் நிகழும் வகை. தங்கைக்கு நேர்ந்தது குற்றவுணர்வாய் அவனைச் சுடுகிறது. அவ்வுணர்வு முதலில் மனைவிமேல் சினமாய்ப் பாய்கிறது. பின்னர்த் தன்மேலே திரும்புகிறது. தங்கையின் செயலில் தன்சாவே முதல் துணிவு. பிறர்சாவு அதனோடு சேர்ந்தது. தமையன் செயலில் பிறர்சாவே முதல் துணிவு. தன்சாவு அதன் பின்விளைவு. இருவர்க்கும் இடையே காசிராசன் நிற்கின்றான். அவனும் துயரால் மாய்கின்றான். ஆனால், ஒருவரையும் உடன்கொள்ளவில்லை. ஒரே துயரம் மூவரை மூன்று வழியில் செலுத்தியது. கொலையும் தற்கொலையும் ஒன்றல்ல என்பதற்குக் கதையே தந்த ஒப்பீடு இது.

கேட்போர் மனம் இவ்விரு கொலைகளையும் எவ்வாறு ஏற்கிறது? தாயின் செயலுக்கு அழுகிறது. தமையன் செயலுக்கு மகிழ்கிறது. அலங்காரியோடு அவள் கிளையினரும் மாண்டனர். அவர் செய்த குற்றம் யாது என ஒருவரும் வினவுவதில்லை. ஒரு கொலை அன்பு எனப் பெயர் பெற்றது. மற்றொன்று நீதி எனப் பெயர் பெற்றது. இரண்டும் கொலை என்னும் பெயரை மட்டும் பெறவில்லை. இறுதியில் தெய்வம் தோன்றி அருளுதல் இப்பெயர் மாற்றத்தை முற்றுவிக்கிறது. மாண்டார் மீண்டும் எழுந்தால் கொன்றார் இல்லை. தெய்வமானால் வழிபடுதலன்றி வினவுதல் இல்லை. அவ்விறுதியைப் போலிச் சேர்க்கை எனத் தள்ளுதல் எம் கருத்தன்று. தாங்கொணாத் துயரை ஊரார் தாங்கிக்கொள்ளக் கண்ட வழி அது. ஆயினும் தலைமகன் கூக்குரல் அவ்வருளுக்குப் பின்னும் செவியில் நிற்கிறது. பாடலின் முடிவு மறைக்க முயல்வதைப் பாடலின் நடு மறைக்க விடவில்லை.

சொல்லும் வழக்கும்

இவ்வாராய்ச்சி பழங்கதை ஒன்றனோடு நின்றுவிடுவதன்று. 1953 இல் பதிவான மத்திய பாரத உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நல்லதங்காள் கதையைப் படிப்பது போன்றே உள்ளது. ஒரு பெண் கணவன் வீட்டு உறவினளாகிய ஒருத்தியொடு பூசலிட்டு, தன் மூன்று பிள்ளைகளோடு கிணற்றில் குதித்தாள். பிள்ளைகள் மாண்டனர்; அவள் மீட்கப்பட்டாள். பிள்ளைகளைக் கொல்லும் கருத்து அவட்கு இல்லை எனினும், அவர்க்குச் சாவு நேரும் என்பதை அவள் அறிந்திருந்தாள். இல்லப்பூசல் அச்செயற்குத் தக்க காரணம் ஆகாது. ஆகவே அது கொலையே என நீதிமன்றம் முடிவு செய்தது. 2017 ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனவழுத்தத்தில் இருந்தார் எனக் கொள்ள வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும், பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் செய்வது ஒழிய, தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொள்ளவில்லை. எனினும் உடன்கொண்ட பிள்ளையின் சாவு இன்றும் கொலையே. சட்டம் தன்வினையையும் பிறவினையையும் பிரித்தறிகிறது.

செய்தித்தாள்களின் மொழி பிரித்தறிவதில்லை. 'பிள்ளைகளுடன் தாய் தற்கொலை', 'குடும்பத்துடன் தற்கொலை' என்னும் தலைப்புகள் நமக்குப் பழகியவை. ஓடு உருபு உடன் என்னும் சொல்லுருபாய் மாறியது, மயக்கம் மாறவில்லை. இரண்டு வயதுக் குழந்தை தற்கொலை செய்துகொள்வது எங்ஙனம்? தற்கொலையைச் செய்தியாக்குவோர்க்கு உலக நலவாழ்வு நிறுவனம் 2000 ஆம் ஆண்டிலேயே நெறிகள் வகுத்தது. சாவைத் துன்பத்திற்குத் தீர்வு போலக் காட்டலாகாது, ஒரே காரணத்தால் நிகழ்ந்ததாகச் சுருக்கலாகாது, சாவினாரைப் போற்றலாகாது என்பவை அந்நெறிகளின் சாரம். இச்சொல்லாட்சி இந்நெறிகளோடு முரணுகின்றது. பிள்ளைகளை உடன்கொள்ளுதல் தாயன்பின் எல்லை என்னும் பழம்மயக்கத்தை அது நாள்தோறும் புதுக்குகிறது. துயருற்ற ஒரு தாய் அத்தலைப்பைப் படிக்குங்கால், தன் மனத்துள் தோன்றிய எண்ணத்திற்கு ஊர் ஒரு நற்பெயர் வைத்திருப்பதைக் காண்கிறாள். இது சொல்லாராய்ச்சியாளர் வாளா இருத்தற்குரிய செய்தியன்று.

கொலை என்று கூறுதல் தாயைத் தூற்றுதல் ஆகாதோ எனின், ஆகாது. செயலுக்கு உரிய பெயரிடுதல் வேறு. செய்தாள்மேல் இரக்கம் ஒழிதல் வேறு. பாடல் இரண்டையும் ஒருங்கே செய்தது. அவளை அலங்காரியைப் போல் கொடியவளாக்கவில்லை. அவள் மகனை ஊமையாக்கவுமில்லை. திறனாய்வாளரும் அவ்வளவேனும் செய்தல் கடன்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: நல்லதங்காள் கதை ஒரே காரணத்தை உடைய கதையன்று, வறுமை, பீடிழத்தல், தனிமை, பிள்ளைகளைத் தன்னின் வேறாகக் காணாமை என்னும் நான்கும் கூடிய இடத்தே அதன் அவலம் நிகழ்கிறது. இவ்வடுக்கு, கொன்றுமாய்தலை ஆராய்ந்தோர் கண்டவற்றோடு பெரிதும் ஒத்துள்ளது. கதையில் இருவகைக் கொன்றுமாய்தல் உண்டு. அவற்றுள் ஒன்றை அன்பென்றும் மற்றொன்றை நீதியென்றும் கேட்போர் கொண்டனர். தலைமகன் மறுப்பு இவ்விரு பெயர்களையும் ஐயுறச் செய்கிறது.

இவ்வடுக்கில் ஒவ்வொரு படியிலும் ஒருவர் குறுக்கே நின்றிருக்கலாம். கணவன் நாணத்தை ஊன்றாது விட்டிருக்கலாம். அண்ணி கதவைத் திறந்திருக்கலாம். தமையன் வேட்டையை விடுத்து உடன் வந்திருக்கலாம். மேய்ப்புச் சிறுவர், ஓடிவந்தவனை நோக்கி, ஏன் ஓடுகிறாய் என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கற்பால் திறந்த கதவைப் பற்றிப் பல தலைமுறை பேசியாயிற்று. இக்கதையைப் பயிலும் மாணாக்கர் இனி ஓடியவன் கூறிய சொல்லிலிருந்து தொடங்குவாராக. பிள்ளைகளோடு விழுந்தாள் என்னாது, பிள்ளைகளை எறிந்து தானும் விழுந்தாள் என்று அக்கதையை உள்ளவாறு கூறுவாராக. அவ்வாறு கூறும்பொழுதே தாயின் துயரும் மகனின் உயிரும் ஒருங்கே நம் இரக்கத்திற்கு உரியவாகும்.